ரிமோட்டுக்கு ஒரு பை

போன மாசம் பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் முப்பத்திநாலு வருஷம் ஆயாவாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். மருந்து வரிசையில் நிற்கும்போது பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் எதிரில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேலைக்குப் புதுசு. மருந்து கொடுப்பவர் என்னைக் காட்டி ஏதோ சொல்லியிருப்பார் போல.

"அம்மா, நீங்கதானா அந்தச் சீல ஆயா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கன்னடத்தில் சீல என்றால் பை.

"எந்தப் பைம்மா?"

"ரோபோ ஆபரேஷன் தியேட்டர்ல டேபிள் ரிமோட்டைப் போட்டு வெக்கிறோமே, ஊதாப் பூப் போட்ட பை. ஏன் பைக்குள்ள போடணும்னு கேட்டா யாருக்கும் சரியாத் தெரியல. புஷ்பம்மா வெச்ச வழக்கம், மாத்தாதேன்னு மட்டும் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் மாத்திரை வரிசையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. "எழுதித் தரேன், போ" என்று அவளிடம் வாய் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. நான் படித்தது எங்கள் ஊர் மார்டள்ளியில், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும். மளிகைச் சீட்டும் துவைக்கப் போடும் துணிக் கணக்கும் தவிர வேறு எதுவும் எழுதியவள் இல்லை. எங்கள் பங்குச் சாமியாரும் கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆகையால் இரண்டு பேருக்கும் சேர்த்து இது. மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி. நான் ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். வார்டில் ஒரு வருஷம், பிரசவ அறையில் ஒரு வருஷம், துணி வெளுக்கிற இடத்தில் கொஞ்ச நாள். அப்புறம் தியேட்டர். அங்கே போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

நெஞ்சு ஆபரேஷன் செய்தவர் பெரிய டாக்டர். அவர் பேரை எழுத வேண்டாம், எல்லாரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். குடகுக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். தியேட்டர் வாசல் வரைக்கும் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வருவார். "ஏன் புஷ்பம், உன் வீட்டுக்காரன் ரயிலை ஓட்டுறானா, தள்ளுறானா?" என்பார். மூக்குக்கு மேல் துணி கட்டிவிட்டால் போதும், ஒரு வார்த்தை வராது. கையை நீட்டினால் நர்ஸ் புரிந்துகொண்டு கருவியை வைக்க வேண்டும். முறைத்தால் லைட்டைத் திருப்ப வேண்டும்.

அந்தக் காலத்தில் நெஞ்சைத் திறப்பது பெரிய வேலை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து விலாவைச் சுற்றி முன்பக்கம் வரைக்கும் கீறுவார்கள். இரண்டு விலாவுக்கு நடுவில் இரும்பில் ஒரு விரிப்பானை வைத்துப் பிடியைச் சுற்றினால், லாரிக்கு ஜாக்கி போடுகிற மாதிரி கடக் கடக் என்று விலகும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் இரண்டு நாள் கறிக்குழம்பு வைக்கவில்லை. பிழைத்து வந்தவர்களும் இருமுவதற்கே அழுவார்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வோம். ஆகையால் பழசுதான் நல்லது என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் மிஷின்தான் நல்லது. அதைக் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

என் வேலை இரண்டு. ஒன்று, ஆளைப் படுக்க வைப்பது. ஒருக்களித்த உடம்பு மூன்று மணி, நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கும். காது மடங்கிக் கிடந்தால் புண்ணாகும். முழங்காலும் முழங்காலும் உரசினால் தோல் போகும். கை தப்பான இடத்தில் அழுந்தினால் நரம்பு செத்து விரல் தொங்கிப் போகும். நமக்குத் தூக்கத்தில் கை மரத்தால் புரண்டு படுப்போம். மயக்கத்தில் கிடப்பவர் எப்படிப் புரளுவார்? அவருக்காக நாம்தான் முன்னாலேயே புரண்டு பார்த்து வைக்க வேண்டும். இடுப்புக்கு மணல் பை, முழங்கால் நடுவில் தலையணை, அக்குளுக்குக் கீழே சுருட்டிய துணி என்று ஒவ்வொன்றாக வைத்து, உள்ளங்கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். என் கை தாராளமாகப் போய் வந்தால்தான் விடுவேன்.

இரண்டாவது வேலை டேபிளை ஏற்றி இறக்குவது. அப்போது ரிமோட் கிடையாது, தலைப்பக்கம் கீழே ஒரு கைப்பிடி. நான் தரையில் குந்திக்கொண்டு அதைச் சுற்ற வேண்டும். மேலே நாலு பக்கமும் பச்சைத் துணி தொங்கும். எனக்குத் தெரிவதெல்லாம் கால்கள்தான். நர்சின் கால், மயக்க மருந்து டாக்டரின் கால், பெரிய டாக்டரின் பெரிய வெள்ளைச் செருப்பு.

ஒரு நாள் பெரிய டாக்டர் கோபத்தில் டேபிள் காலைச் செருப்பால் ஒரு தட்டுத் தட்டினார். ஏற்றச் சொல்கிறாரோ என்று நானாக நினைத்துக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றினேன். மறுபடி தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. அவர் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது போல, செருப்பைத் தரையில் ஒரு இழுப்பு இழுத்தார். போதும் என்று எடுத்துக்கொண்டேன். அன்றையிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. ஒரு தட்டு என்றால் மேலே, இரண்டு தட்டு என்றால் அவர் பக்கம் சாய்ப்பு, ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. அவர் ஒரு நாளும் "சரியாச் செய்றே புஷ்பம்" என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வெளியூர் டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு, "இந்த ஆயாவுக்கு உங்க மனசுல இருக்கிறது எப்படித் தெரியுது?" என்று அவரைக் கேட்பார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். மனசைப் படிக்கிறவள் என்றே இருக்கட்டும், காலைப் பார்க்கிறவள் என்று சொல்லிக் குறைத்துக்கொள்வானேன்?

கைப்பிடி டேபிள் போய் ரிமோட் டேபிள் வந்தது. நான் குந்துவது போய் ஸ்டூலில் உட்காரும் காலம் வந்தது. கால் தட்டு மட்டும் மாறவில்லை. பெரிய டாக்டர் ஓய்வு பெற்று விராஜ்பேட்டைப் பக்கம் தோட்டத்துக்குப் போகும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அவருக்கு அப்புறம் வந்தவர் டாக்டர் சுஹாஸ். சின்ன வயது, நிறையப் பேசுவார். அவர் காலத்தில்தான் ரோபோ வந்தது. எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

பெட்டி பெட்டியாக லாரியில் வந்து இறங்கியது. தியேட்டர் கதவைக் கழற்றித்தான் உள்ளே தள்ளினார்கள். நாலு கை, மடக்கி வைத்த தும்பிக்கை மாதிரி. ஆபரேஷனுக்கு முன் ஒவ்வொரு கைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள். தசரா யானைக்கு அலங்காரம் செய்வதை விட அதிக நேரம் பிடிக்கும். டாக்டர் ஆளின் பக்கத்தில் நிற்கவே மாட்டார். அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு, காலால் மிதிகளை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே விரலை அசைத்தால் இங்கே நெஞ்சுக்குள் போன குச்சி அசையும்.

மிஷினோடு சென்னையிலிருந்து கார்த்திக் என்று ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். முதல் நாள் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். "ஃபாதர், கரண்ட் இருக்கிற பக்கம் மட்டும் வேண்டாம் ஃபாதர்" என்று கெஞ்சியபடி கார்த்திக் கூடவே ஓடினார். ஆயுத பூஜை வந்தபோது வார்டு பையன்கள் குங்குமத்தோடு வந்தார்கள். சக்கரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனிதர். என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. டேபிளில் ரப்பரில் செய்த நெஞ்சுக்கூடு. உள்ளே நுரையீரலுக்குப் பதில் குடைமிளகாய். மூன்று ஓட்டை வழியாக ரோபோவின் குச்சிகள் உள்ளே போயிருந்தன. நான் வழக்கம் போல டேபிள் தலைப்பக்கம் ஸ்டூலில், கையில் ரிமோட். டாக்டர் சுஹாஸ் மூலையில் உட்கார்ந்து மிளகாயின் விதையை எடுத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்ஸ் காலோடு மிதிப்பார், அப்போதுதான் மிதி காலுக்குத் தெரியுமாம். ஒரு சாக்ஸ் நீலம், ஒரு சாக்ஸ் கருப்பு. அதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த நீலச் சாக்ஸ் மிதியை இரண்டு தட்டுத் தட்டியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. என் கட்டைவிரல் தானாகப் போய்ப் பட்டனை அழுத்தியது. டேபிள் சாய்ந்தது. டேபிளோடு ரப்பர் நெஞ்சும் சாய்ந்தது. ரோபோவின் கைகள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன. உள்ளே இருந்த குச்சி குடைமிளகாயை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ரப்பர் விலாவில் குத்தி நின்றது. மிஷின் பீப் பீப் என்று கத்தியது.

"ஆன்ட்டி! ஆன்ட்டி! விடுங்க, விடுங்க!" என்று கார்த்திக் தலையில் கையை வைத்துக்கொண்டார். "கை மாட்டின அப்புறம் டேபிளைத் தொடவே கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே!"

சொல்லியிருந்தார். என் காதுக்குத் தெரியும். என் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.

மிளகாய் விதை கீழே சிந்திக் கிடந்தது. அது மனுஷ நெஞ்சாக இருந்தால் என்ன சிந்தியிருக்கும் என்று எல்லாரும் நினைத்தோம். தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர் லில்லி, கேரளாக்காரர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அன்று காதோடு சொல்கிற மாதிரி சொன்னார்: "புஷ்பம், நீ பேக்கிங் ரூமுக்குப் போ. இங்கே இனி வேண்டாம்."

பேக்கிங் ரூம் என்றால் பஞ்சும் துணியும் மடித்து, கிருமி சாக ஆட்டோகிளேவில் வேக வைக்க அனுப்புகிற இடம். மோசமான வேலை இல்லை. ஆனால் முப்பது வருஷம் தியேட்டருக்குள் இருந்தவளுக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து துணி மடிப்பது எப்படி இருக்கும்? வேலை போகும் என்ற பயம் எனக்கு இல்லை. டேபிளைச் சாய்த்துவிட்டாள் என்ற பேரோடு, அந்த அறைக்குள் மறுபடி காலெடுத்து வைக்காமலே ஓய்வு பெற்றுப் போய்விடுவேனோ என்பதுதான் எனக்குப் பெரிசாக இருந்தது.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் டாக்டர் சுஹாஸ் டீ குடிக்கும் இடத்துக்குப் போய் நின்றேன்.

"ஸார், அன்னைக்கு நான் டேபிளை அழுத்தினது உங்க காலைப் பாத்துத்தான்."

"என் காலையா?"

செருப்பால் தட்டிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, இழுப்பு. பெரிய டாக்டர் கதையை முழுக்கச் சொன்னேன். முப்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை அப்படி டீக் கோப்பைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் சிந்தியது.

"அப்போ நான் மிதிச்சது அவர் பாஷையிலே டேபிள் சாய்க்கச் சொன்ன மாதிரியா? அய்யோ புஷ்பம்மா! நான் சொல்றேன் சிஸ்டர்கிட்ட."

சொன்னார். சிஸ்டர் லில்லி சிரிக்கவில்லை. "காரணம் தெரிஞ்சா கையோட பழக்கம் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

ஆகையால் நானாகப் பழகினேன். எங்கே? கோயிலில். எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர் தாளத்துக்குக் காலைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் கால் தெரிகிற பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் இரண்டு தட்டுத் தட்டும்போதெல்லாம் என் கட்டைவிரல் துடிக்கும். மடியில் கையைக் கோர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஆறு ஞாயிறு அப்படி. பக்கத்தில் இருந்த அருளாயி, "என்ன புஷ்பம், இவ்வளவு பக்தி? கையைக் கோத்தபடி அசையாம இருக்கியே" என்றாள். சாமியார் அந்த ஆறு வாரமும் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் இதைப் படித்து மன்னிக்க வேண்டும். ஏழாவது வாரம் கட்டைவிரல் சும்மா இருந்தது.

அதற்குள் ரோபோவில் நிஜ ஆபரேஷன்கள் ஆரம்பித்து நன்றாகவே நடந்துகொண்டிருந்தன. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர் மறுநாள் வராந்தாவில் நடப்பதைப் பேக்கிங் ரூம் வாசலிலிருந்து பார்ப்பேன். தலையணையைக் கட்டிப் பிடித்து அழுத முகங்கள் ஞாபகம் வரும். நல்லாயிருக்கட்டும் என்று மடிப்பேன்.

அப்படி இருக்கும்போது கௌதள்ளியிலிருந்து சரோஜா வந்தாள்.

நாற்பது நாற்பத்திரண்டு வயது. சின்ன வயதிலேயே முதுகு வளைந்தவள். வலது தோள் மேலே தூக்கியிருக்கும், இடது பக்கம் ஒடுங்கியிருக்கும். ரவிக்கை தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லையாம். புருஷன் இல்லை, அம்மாவுக்கும் அவளுக்கும் அந்தத் தையல் மிஷின்தான் சோறு. வலது நுரையீரலில் ஒரு கட்டி. வளைந்த கூட்டுக்குள் நுரையீரலே சின்னது, பெரிய கீறல் போட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சுஹாஸ் சொல்லிவிட்டார். ரோபோவில்தான் செய்ய வேண்டும். ஆனால் அவளை எப்படிப் படுக்க வைப்பது? ஆபரேஷனுக்கு முதல் நாள் தியேட்டருக்குக் கூட்டிப் போய், முழித்திருக்கும்போதே படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தத் தலையணையும் நிற்கவில்லை, அவளுக்கும் வலி. அழுதுவிட்டாளாம்.

சிஸ்டர் லில்லி பேக்கிங் ரூம் வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு, மண்ணாங்கட்டி எதுவும் இல்லை. "புஷ்பம், வா" என்றார். அவ்வளவுதான். நான் மடித்துக்கொண்டிருந்த துணியை முழுக்க மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறது அல்லவா?

சரோஜா டேபிளில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்க தமிழுங்களாக்கா?" என்றாள்.

"மார்டள்ளி."

"அட, நம்ம பக்கமுங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மிஷினு என்னைய என்னதான் பண்ணுமுங்க்கா? செத்தாக்கூடப் பரவாயில்லீங்க. கை மட்டும் போயிரக் கூடாதுங்க. கை போயிட்டா எங்கம்மாளுக்கு யாருங்க இருக்கறா?"

"கைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? சிஸ்டர் கூடத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சொல்லிவிட்டேன்.

"வீட்டுல எப்படிப் படுப்பே, அப்படிப் படு பாக்கலாம்" என்றேன்.

"வீட்டுல சேலை வெச்சுப் படுப்பனுங்க."

அவள் பையில் ஒரு பழைய ஊதாப் பூப் போட்ட சேலை இருந்தது. அதை எட்டாக மடித்து விலாவின் பள்ளத்தில் வைத்துக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்து, குழந்தை மாதிரி சுகமாகப் படுத்துவிட்டாள். பத்து வருஷமாக அப்படித்தானாம். நாங்கள் தலையணையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், விடை அவள் பையில் இருந்தது. அந்தச் சேலையின் கனம், நீளம் பார்த்து, அதே அளவில் பஞ்சு வைத்துச் சுருட்டி ஒரு மெத்தை கட்டினேன். வலது கையைத் தலைக்கு முன்னால் கொண்டுவந்து தாங்கியில் வைத்தேன். வலிக்குதா, மரக்குதா, இங்கே, அங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, பேனாவால் தோலில் புள்ளி வைத்துக்கொண்டேன். வாய் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு அந்த வாய் தூங்கிவிடும்.

மறுநாள் காலை அவளை மயக்கிய பிறகு, புள்ளிப்படி படுக்க வைத்து, என் உள்ளங்கையை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது. மேலே பச்சைத் துணி போர்த்தினார்கள். போர்த்தியதும் எல்லாரும் ஒன்றுதான். யார் வளைந்தவர், யார் நேரானவர் என்று தெரியாது. ஆனால் அந்தத் துணிக்குக் கீழே அவள் வலது தோள் மற்றவர்களை விட நாலு விரல் உயரத்தில் இருந்தது. அது என் கைக்குத் தெரியும்.

"சிஸ்டர், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், அப்புறம் டேபிளில் தொங்கிய ரிமோட்டைப் பார்த்தார்.

நான் ரிமோட்டைக் கழற்றி, தலைக்குப் போடுகிற தியேட்டர் குல்லா ஒன்றுக்குள் போட்டு, வாயைக் கட்டுத்துணியால் சுற்றி முடிச்சுப் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "அவசரம்னா எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். என் கட்டைவிரல் கேட்டா, ரெண்டு முடிச்சு அவுக்கணும். அதுக்குள்ள புத்தி வந்துடும்."

கார்த்திக் விழுந்து விழுந்து சிரித்தார். சிஸ்டர் லில்லியின் முகமூடியும் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. "உட்கார்" என்றார்.

லைட்டைக் குறைத்தார்கள். எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள், நெஞ்சுக்குள் நடப்பது அதில்தான் தெரியும். நான் பச்சைத் துணியைப் பார்த்தேன். மூலையில் டாக்டர் சுஹாஸின் சாக்ஸ் தட்டியது, இரண்டு தட்டு, மூன்று தட்டு. என் கை மடியிலேயே இருந்தது.

இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நுரையீரலின் மேல் பக்கம் ஒரு ரத்தக் குழாயைப் பிரிக்கிற இடம் வந்தது. உள்ளே குச்சி மேலே எட்ட எட்ட, வெளியே ரோபோவின் கை தாழ்ந்துகொண்டே வந்தது. தோளுக்கு மேல் துணியில் ஒரு மடிப்பு இருந்தது. காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மடிப்பு மெல்ல மெல்லப் படிந்து, இஸ்திரி போட்ட மாதிரி காணாமல் போனது.

"நில்லிஸி ஸார்!" என்று கத்திவிட்டேன். நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

டேபிள் பக்கத்தில் நின்ற உதவி டாக்டர் குனிந்து பார்த்தார். "துணியிலதான் படுது, புஷ்பம்மா. துணிக்குக் கீழே இன்னும் இடம் இருக்கு." மிஷினும் கத்தவில்லை.

"துணி இல்ல ஸார், தோள். இவளுக்குத் தோள் இங்கே இருக்கு."

மூலையிலிருந்து டாக்டர் சுஹாஸின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "குழாயைப் பிடிச்சிருக்கேன். இப்போ கையை எடுக்க முடியாது. கிளிப் போடணும். அஞ்சு நிமிஷம்."

அவரைக் குறை சொல்ல முடியாது, விட்டால் ரத்தம். ஆனால் அஞ்சு நிமிஷம் அந்த இரும்பு அந்தக் கையின் நரம்பு மேல் உட்கார்ந்தால்? நான் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை அசைத்தார். தலைப்பக்கத் துணிக்குக் கீழே கையை விட்டேன். சரோஜாவின் தோளைத் தொட்டு, அதற்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்தேன். அப்புறம் மூன்றாவது. அப்புறம் உள்ளங்கை. காலையில் தாராளமாகப் போன கை, இப்போது எலுமிச்சம்பழம் மாதிரி பிழிபட்டது. பாரம் என் கையில் இறங்கியது. அவள் தோளில் மெத்தையாக என் உள்ளங்கை.

"எப்படி இருக்கு புஷ்பம்மா?" என்றார் ஸ்பீக்கரில்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க ஸார்."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியில்தான். டாக்டரின் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு, தட்டு. ஒரு கிளிப். தட்டு, தட்டு. இன்னொரு கிளிப். அப்புறம் கால் மிதியை விட்டு இறங்கி, தரையில் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தது.

டீ குடிக்கும்போது நான் சொன்னதை அவர் மறக்கவில்லை.

ரோபோவின் கை மேலே எழும்பியது. என் கையை வெளியே எடுத்தேன். மூன்று விரல் நாவல் பழ நிறம். சிஸ்டர் லில்லி ஐஸ் கொண்டுவந்து துணியில் சுற்றிக் கட்டிவிட்டார். ரோபோ கையின் கோணத்தை மாற்றி, மீதி வேலையை முடித்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வார்டுக்குப் போனேன். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை, "கைக்கு நான் பொறுப்பு" என்று சொன்னவள் அல்லவா? சரோஜா தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மணிக்கட்டைத் தூக்கு" என்றேன். தூக்கினாள். "விரலை விரி." விரித்தாள். "கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒட்டு." ஒட்டினாள்.

எனக்கு அப்போதும் திருப்தி இல்லை. என் சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அவளிடம் கொடுத்து, நூலையும் கொடுத்தேன்.

"இதுல ஏனுங்க்கா பரீட்சை!" என்று சொல்லிக்கொண்டே, நூல் முனையை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோத்துவிட்டாள். அப்புறம் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "உங்க கைக்கு என்னாச்சுங்க?" என்றாள்.

"கதவுல மாட்டிக்கிச்சு."

திங்கட்கிழமை தியேட்டர் போர்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ரோபோ, டேபிள், புஷ்பம். சிஸ்டர் லில்லியின் கையெழுத்து. நான் இரண்டு தடவை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாயிற்று என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஒரு மாசம் கழித்துச் சரோஜா செக்கப்புக்கு வந்தாள். உண்மையை டாக்டர் சுஹாஸ் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். "கதவுங்களா?" என்று என்னை முறைத்தாள். பையைத் திறந்து ஒன்றை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். அவள் படுக்கிற ஊதாப் பூச் சேலையிலிருந்து வெட்டி, உள்ளுக்குத் துணி கொடுத்து, வாயில் இழுத்துக் கட்டுகிற நாடாவும் இரண்டு குமிழும் வைத்துத் தைத்த பை. "குல்லாயைப் போய்க் கழுத்துல மாட்டிட்டு நிக்கறதுங்களா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இது துவைச்சுப் போட்டுக்கலாமுங்க." ரிமோட் அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைக்கு அடங்குகிற சாமான்தானே என்று என் கையைப் பார்த்து அளவு வைத்தாளாம்.

அந்தப் பைதான் இது, பெண்ணே. நீ கேட்டதற்கு விடை இதுதான். இப்போது டேபிளும் ரோபோவும் ஒன்றாக அசைகிற புது மிஷின் வந்துவிட்டது, ரிமோட் பயம் பாதி குறைந்துவிட்டது என்கிறார்கள். சந்தோஷம். இருந்தாலும் பையில் போடுங்கள், முடிச்சு அவிழ்க்கிற நேரத்தில் புத்தி வரும்.

இன்னொன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். எனக்குப் பிரிவு உபசாரம் வைத்த நாளில் பெரிய டாக்டர் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். கைத்தடி, ஆனால் உயரம் குறையவில்லை. எல்லாரும் கேக் சாப்பிட்ட பிறகு, அவருக்கு ரோபோவைக் காட்ட டாக்டர் சுஹாஸ் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். கூடவே நானும் சிஸ்டரும் கார்த்திக்கும். டேபிளில் ரப்பர் நெஞ்சு, உள்ளே குடைமிளகாய். பெரிய டாக்டரைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, பாதத்தை மிதியில் வைத்துக் காட்டினார்கள். முகத்தை உள்ளே விட்டார். கையை உள்ளே விட்டார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. பழைய மாதிரியே. குச்சி தடவித் தடவி மிளகாயின் பக்கம் போனது. விதை எட்டவில்லை.

அவர் பாதம் தரையில் இறங்கி, இரண்டு தட்டுத் தட்டியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டேபிள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், கழுத்தில் பை, பைக்குள் ரிமோட். இரண்டு கையையும் கோத்து முன்னால் வைத்துக்கொண்டேன். கட்டைவிரல் ஒரு துடி கூடத் துடிக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடியும் இரண்டு தட்டு. அப்புறம் பெட்டியிலிருந்து முகத்தை எடுத்துத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் புஷ்பம், டேபிள் வரலையே?"

முப்பது வருஷத்தில் தியேட்டருக்குள் அவர் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"வராது ஸார்" என்றேன்.